நண்டுமுனை விலகிக்கொண்டது

கூட்டம் நடப்பதற்கு முதல் நாளே கூட்ட அறிக்கையை எழுதி முடித்துவிடும் திறமை எனக்கு ஒருகாலத்தில் இருந்தது. சிரிக்காதீர்கள். அந்தத் திறமைக்காகவே அலுவலகத்தில் என்னைக் கொண்டாடினார்கள்.

நீங்கள் எல்லோரும் இப்போதுதான் நியமனக் கடிதம் வாங்கி, பிரதேச செயலகத்தில் எந்த நாற்காலி உங்களுடையது என்று தேடிக்கொண்டிருப்பவர்கள். உங்களிடம் பேசக் கூப்பிட்டவர்கள், என் சாதனைகளைச் சொல்லச் சொன்னார்கள். முப்பது வருடச் சாதனைகளை எழுதிப் பார்த்தேன். இரண்டரைப் பக்கம் வந்தது. அதில் ஒரு பக்கம் இடமாற்றங்கள். ஆகவே நான் செய்த மிகப் பெரிய பிழையைச் சொல்கிறேன். அது நிறைய வரும்.

எங்கள் திட்டமிடல் பிரிவுக்கு ஒரு பணிப்பாளர் இருந்தார். பெயர் வேண்டாம். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். கூட்டம் முடிந்த அன்றே பின்னேரம் நாலு மணிக்கு அறிக்கை அவருடைய மேசையில் இருக்க வேண்டும். பத்து மைல் தள்ளிக் கூட்டம் வைத்துவிட்டு, தட்டுத்தடுமாறி பஸ்ஸில் வந்து, நாலு மணிக்கு எப்படி எழுதுவது? நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாக் கூட்டமும் ஒரே மாதிரித்தான் நடக்கிறது. மௌன அஞ்சலி. தலைமையுரை. திட்டம் விளக்கப்பட்டது. ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஊர்ப் பிரதிநிதிகள் நன்றி தெரிவித்தனர். தேநீருடன் இனிதே நிறைவுற்றது. இதை எழுதுவதற்கு நான் எதற்குக் கூட்டத்துக்குப் போக வேண்டும்? முதல் நாளே எழுதிவிடுவேன். பணிப்பாளர் என்னைவிட ஒரு படி மேல். முதல் நாளே கையெழுத்தும் வைத்துவிடுவார்.

அது சுனாமி வந்து ஒரு வருடம் நிறையாத காலம். வெளிநாட்டு நிறுவனங்கள் திட்டங்களோடு வந்து வரிசையில் நின்றன. அவற்றில் ஒன்றின் சட்டம் விசித்திரமானது. தனி ஊருக்கு எதுவும் தரமாட்டோம். நாலு ஊர் சேர்ந்து ஒரு கூட்டுத் திட்டம் போட்டால்தான் தருவோம் என்றார்கள். நாங்கள் வாவிக் கரையில் நாலு ஊர்களைப் பிடித்தோம். பெரியது பெரியதுறை. மிகச் சிறியது, வாவிக்குள் மூக்கு நீட்டிக்கொண்டிருந்த நண்டுமுனை. சுனாமியில் நண்டுமுனையில் உயிர்கள் தப்பின. பாதித் தோணிகளும் வலைகளும் தப்பவில்லை. வாவியின் குறுக்கே பெரியதுறைக்குப் போகும் தாம்போதிப் பாதையும் உடைந்துபோனது. வாகனத்தில் போவதென்றால் ஊரெல்லாம் சுற்றித்தான் போக வேண்டும்.

திட்டம் இதுதான். நாலு ஊருக்கும் பொதுவாகப் பெரியதுறையில் ஒரு இறங்குதுறை, ஒரு ஐஸ் அறை. மீன் வாங்கும் லொறிகள் இனி அங்கே மட்டும் வரும். அதுவரை காலையில் ஒரு சின்ன லொறி நண்டுமுனைக்கே வந்து நண்டு வாங்கிப் போய்க்கொண்டிருந்தது. அது நின்றுவிடும். நண்டுமுனைக்காரர்கள் வாவியைக் கடந்து பெரியதுறைக்கு நண்டு கொண்டுவர வேண்டும். பணிப்பாளரிடம் வானொலி அன்ரனா போல இழுத்தால் நீளும் ஒரு சுட்டுகோல் இருந்தது. அதை வரைபடத்தில் வைத்து, "இஞ்ச இருந்து இஞ்ச பத்து நிமிசம்" என்பார். வரைபடத்தில் அது ஒரு விரல் அகலம்தான்.

பெரியதுறைப் பாடசாலை மண்டபத்தில் கூட்டம் நடந்தது. நான் முதல் நாளே எழுதிய அறிக்கை கைப்பைக்குள் இருந்தது. பாதிக் கூட்டத்தில் நண்டுமுனை சபைத் தலைவர் எழும்பிப் பேச ஆரம்பித்தார். சபை என்றால் கிராம அபிவிருத்திச் சங்கம்; ஊரில் எல்லோரும் அதைச் சபை என்றுதான் சொல்வார்கள். தலைவர் சீனித்தம்பி ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் வாய் திறந்த அதே நேரம் வாசலில் பேக்கரி ஓட்டோ வந்து நின்றது. தேநீரோடு கொடுக்க எண்பது றோல்ஸ் சொன்ன இடத்தில் நாற்பது வந்திருந்தது. நான் வெளியே போய் ஓட்டோக்காரனோடு சண்டை பிடித்தேன். அவன் நாற்பதையும் இரண்டாக வெட்டினால் எண்பது என்று ஆலோசனை சொன்னான். பிறகு அப்படியே செய்தோம். நான் உள்ளே வந்தபோது சீனித்தம்பி உட்கார்ந்துகொண்டிருந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நன்றியுரை மாதிரி ஏதோ நீளமாகப் பேசியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னேரம் நாலு மணிக்கு அறிக்கை மேசையில் இருந்தது. அதன் பிரதிகள் நாலு சபைகளுக்கும் தபாலில் போயின. ஆங்கிலப் பிரதி வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போனது.

இரண்டு வாரம் கழித்து ஒரு பதிவுத் தபால் வந்தது. நாலு வரி. "எமது நண்டுமுனை சபை கூட்டுத் திட்டத்தில் இருந்து இத்தால் விலகிக்கொள்கிறது." அதன் கீழே கோடு போட்டு: "காரணம்: உண்டு."

அவ்வளவுதான். தலைவர் கையெழுத்து, சபை முத்திரை.

பணிப்பாளர் அதை மூன்று தரம் வாசித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன காரணம்?"

"உண்டாம் சேர்."

"அது தெரியுது. என்ன காரணம் உண்டு?"

எனக்குத் தெரியாது. அடுத்த வியாழக்கிழமை வெளிநாட்டு நிறுவனத்தின் அம்மையார் வந்து நாலு தலைவர்களோடும் கையெழுத்து வைக்கப் போகிறார். நாலு மாலை சொல்லியாகிவிட்டது. மூன்று ஊர் என்றால் திட்டமே இல்லை. பணிப்பாளர் சுட்டுகோலை இழுத்து நீட்டுவதும் மடக்குவதுமாக அறைக்குள் நடந்தார். பிறகு, பெரியதுறையை வடக்குப் பெரியதுறை, தெற்குப் பெரியதுறை என்று இரண்டாக்கினால் என்ன என்று கேட்டார். நான் வரைபடத்தைச் சுருட்டினேன். "சரி, போய்க் காரணத்தக் கண்டுபிடிச்சிட்டு வாங்க" என்றார்.

நான் நண்டுமுனைக்குப் போனேன். சீனித்தம்பி வீட்டு வாசலில் வலை கழுவிக்கொண்டிருந்தார். கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார், காலநிலை பற்றிக் கதைத்தார்.

"தலைவர், கடிதத்தில காரணம் எழுதல்லையே?"

"எழுதிக் கிடக்கே மிஸ். உண்டு எண்டு."

"அது என்னெண்டு சொல்லலாந்தானே?"

"சொன்னதுதான். ஒருக்காச் சொன்னது காணும், இனிச் சொல்ல மாட்டன்."

இங்கேதான் பிள்ளைகளே, நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். 'எப்போது சொன்னீர்கள்? நான் கேட்கவில்லையே' என்று. நாலு சொற்கள். ஆனால் அறிக்கையில் நான் கூட்டத்தில் இருந்ததாக எழுதியிருக்கிறது. எழுதியவளும் நான். கேட்டால் நான் அங்கே இருக்கவில்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். ஆகவே எல்லாம் தெரிந்தவள் போலத் தலையாட்டினேன். "ஓம் ஓம், அதுதானே" என்றுகூடச் சொன்னேன். சீனித்தம்பி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

பிறகு ஊருக்குள் போய்க் காரணம் பொறுக்கினேன். நண்டு விற்கும் பூமணி அக்கா தெருவில் என்னை மறித்தார்.

"மிஸ், சந்தியில வச்ச நேம் போட்டப் பாத்தீங்களா?"

போய்ப் பார்த்தேன். கொழும்பில் அச்சடித்த பெரிய பலகை. ஆங்கிலத்தில் இருந்த ஊர்ப் பெயரை யாரோ தமிழுக்கு மாற்றியிருக்கிறார்கள். 'கூட்டுத் திட்டத்தில் இணையும் நொண்டிமுனை மக்களை வாழ்த்துகிறோம்.'

"பக்கத்து ஊர்ப் பொடியனுகள் எங்கட ஆக்களக் கண்டா நொண்டி நொண்டி நடந்து காட்டுறானுகள்" என்றார் பூமணி. "போன கிழமை ஒரு பொம்பிள பாக்க வந்தவங்க, போட்ட வாசிச்சிட்டுத் திரும்பிப் போயிட்டாங்க."

கடைக்காரர் வேறு காரணம் சொன்னார். திட்ட வரைபடத்தில் மற்ற ஊர்களுக்குப் பச்சை நிறம், நண்டுமுனைக்கு மட்டும் சேற்று நிறமாம். இன்னொருவர் அரை றோல்ஸ் விஷயத்தை எடுத்தார். பெரியதுறைக்காரருக்கு உருளைக்கிழங்கு இருந்த பாதி, எங்களுக்குச் சும்மா மடிப்பு இருந்த பாதி என்றார். அவர் அதை மறக்கவே இல்லை.

எனக்கு நிம்மதி வந்துவிட்டது. காரணம் ஒன்றல்ல, மூன்று, மூன்றையும் திருத்தலாம். பலகைக்குப் பெயின்ரரை அனுப்பினேன். அவர் கவனமாக 'நன்டுமுனை' என்று எழுதிவிட்டு வந்தார். திரும்ப அனுப்பினேன். வரைபடத்தைக் கொண்டுவந்து கலர் பென்சிலால் நண்டுமுனையைப் பச்சையாக்கினேன். கொஞ்சம் உற்சாகத்தில் வாவியின் ஒரு பகுதியும் பச்சையாகிவிட்டது. நூறு முழு றோல்ஸ் வாங்கிக்கொண்டு, புதன்கிழமை மீண்டும் போனேன்.

ஊர் திரண்டு வந்தது. பலகையைப் பார்த்தார்கள், வரைபடத்தைப் பார்த்தார்கள், றோல்ஸைச் சாப்பிட்டார்கள். சீனித்தம்பி இரண்டு சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்தார்.

"றோல்ஸ் நல்லம் மிஸ்."

"அப்ப கடிதத்தத் திருப்பி எடுப்பீங்களா, தலைவர்?"

"அதென்னெண்டு? பெட்டிக்குள்ள போட்ட தபால் போட்டவனுக்குச் சொந்தமில்ல. முப்பத்தொரு வருசம் நான் ஒரு கடிதத்தத் திருப்பிக் குடுக்கல்ல. அழுது கேட்டவங்களுக்கும் குடுக்கல்ல."

"அப்ப நாளைக்கு வருவீங்களா?"

"வருவன். வந்தவங்கள வரவேற்கோணுந்தானே."

வியாழக்கிழமை காலை பணிப்பாளர் ஒரு முடிவோடு வந்திருந்தார். விலகல் கடிதம் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. நண்டுமுனையில் கரையை மட்டும் காட்டிவிட்டு, அம்மையாரைக் கையோடு பெரியதுறைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். மூன்று தலைவர்கள் கையெழுத்து வைப்பார்கள். நாலாவது கையெழுத்தைப் பற்றி அங்கே போய் யோசிக்கலாம்.

அம்மையார் உயரமானவர், பெரிய வைக்கோல் தொப்பி போட்டிருந்தார். அவருடைய மொழிபெயர்ப்பாளருக்கு வழியில் வயிற்றுக்குள் ஏதோ ஆகி, வாகனத்தை விட்டு இறங்க முடியவில்லை. அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. பணிப்பாளர் கரையில் நின்று சுட்டுகோலை முழுதாக நீட்டி அக்கரையைக் காட்டினார்.

"இங்கிருந்து பெரியதுறைக்குத் தண்ணீரால் பத்து நிமிடம், மேடம்."

"அப்படியானால் ஏன் வாகனம்? இந்த மக்கள் போவதுபோலவே நாமும் போவோம்" என்றார் அம்மையார்.

பணிப்பாளரின் கோல் தானாகவே கொஞ்சம் சுருங்கியது. சீனித்தம்பி "வாங்க" என்று மட்டும் சொல்லி வள்ளத்தைக் காட்டினார்.

வள்ளத்தில் அம்மையார், பணிப்பாளர், நான், சீனித்தம்பி, கம்பு ஊன்றும் யோகன். கடைசியாகப் பூமணி அக்கா ஒரு பெரிய கூடை நண்டோடு ஏறினார். பெரியதுறைக்குக் கொண்டுபோய் விற்பதாகச் சொன்னார்.

வாவியை எங்கள் பக்கத்தார் ஆறு என்றுதான் சொல்வார்கள். அந்த நேரம் ஆறு கண்ணாடி மாதிரிக் கிடந்தது. அம்மையார் படம் எடுத்தார். பணிப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்துச் சிரித்தார். ஐந்தாவது நிமிடம் மேற்கிலிருந்து கச்சான் எழும்பியது. அந்த மாதங்களில் வெயில் ஏறும்போது வீசும் வறண்ட காற்று, உங்களுக்குத் தெரியும். யோகன் கம்பை ஊன்றினான். வள்ளம் முன்னால் போகாமல் பக்கமாகப் போனது. தொப்பி பறந்தது. பூமணி அதைப் பாய்ந்து பிடித்தார். பிறகு 'சர்' என்று ஒரு சத்தம். நின்றுவிட்டோம்.

"சேத்துத் திடல்" என்றான் யோகன். "ஆராவது ஒராள் இறங்கித் தள்ளோணும்."

பணிப்பாளர் ஆழம் பார்க்கிறேன் என்று சுட்டுகோலைத் தண்ணீருக்குள் விட்டார். அது சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே போனது. இழுத்தார். கைப்பிடி மட்டும் வந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அம்மையார் முன்னால் பின்வாங்க முடியாமல், சப்பாத்தோடு தானே இறங்கினார். முழங்கால் வரை போனார். இடது காலை எடுத்தபோது சப்பாத்து வரவில்லை.

அவர் தள்ளிய தள்ளில் வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது. கூடை கவிழ்ந்தது.

நண்டுகள் கட்டப்பட்டிருக்கவில்லை. நாலு பக்கமும் ஓடின. நான் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டேன். யோகன் கம்பின் மேல் ஏறாத குறை. அம்மையார் குறுக்குப் பலகையின் மேல் ஏறி, சேலைக்காரி போலக் காற்சட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் கட்டல்ல, அக்கா?" என்று கத்தினேன்.

"பத்து நிமிசந்தானே எண்டார் சேர்!" என்று பூமணியும் கத்தினார். "பத்து நிமிசத்துக்கு ஆரு நண்டு கட்டுற?"

ஒரு நண்டு பணிப்பாளரின் சட்டைக் கைநுனியைப் பிடித்தது. அவர் அதை உதறினார். அது விடவில்லை. அலுவலகத்தில் அவரைவிடப் பிடிவாதமான ஒன்றை நான் அன்றுவரை பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் பிடித்துக் கூடைக்குள் போட்டு முடிந்தபோது முக்கால் மணித்தியாலம் போயிருந்தது. இன்னும் அரைவாசித் தூரம்கூடப் போகவில்லை. வெயில் தலையைப் பிளந்தது. பூமணி சிரித்தபடி கூடைக்குள் கையை விட்டு ஒன்றைத் தூக்கினார். அது கால்களைத் தொங்கப்போட்டது. இன்னொன்று. அதுவும் தொங்கியது. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். உயிரோடு இருக்கும் நண்டைத்தான் லொறிக்காரர் எடுப்பார்கள். செத்த நண்டைப் பூனைக்குத்தான் போட வேண்டும்.

அம்மையார் பலகையில் உட்கார்ந்து அந்தக் கூடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இதை முன்பே யாரும் சொல்லவில்லையா? அவரிடம் கேள்" என்றார்.

நான் சீனித்தம்பியிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"சொன்னன். பெரியதுறைக் கூட்டத்தில எழும்பி நிண்டு சொன்னன். கச்சான் அடிக்கிற மாசத்தில இந்த ஆத்தக் கடக்கேலா, நண்டு செத்துப்போகும், லொறிய நிப்பாட்டினா ஊரே பட்டினி எண்டு. இருவது நிமிசம் சொன்னன். தண்ணி குடிக்காமச் சொன்னன்."

அம்மையார் தன் பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். என்னுடைய அறிக்கையின் ஆங்கிலப் பிரதி. விரலை வைத்துக் காட்டினார். 'நண்டுமுனைப் பிரதிநிதி நன்றி தெரிவித்தார்.'

சீனித்தம்பிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், தபால்காரர் அல்லவா. அவர் அந்த வரியைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தமிழ்லயும் அப்பிடித்தான் எழுதி எனக்கு அனுப்பினவங்க. எழுபது குடும்பத்துக்காகக் கதைச்சன் மிஸ். நன்றி சொன்னன் எண்டு எழுதினீங்க. நக்கலுக்கு எழுதினதெண்டு நினைச்சன். அதான் ரெண்டாந்தரம் வாய் திறக்கல்ல."

இவ்வளவு நேரமும் நடந்தது எல்லாம் சிரிப்பு. அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேற்றுக்குள் நின்ற பணிப்பாளர் எனக்கு மட்டும் கேட்கும்படி, "சுருக்கிச் சொல்லுங்க" என்றார். சுருக்கலாம். 'அறிக்கையில் சின்னத் தவறு' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். மொழிபெயர்ப்பவள் நான் மட்டும்தான். ஆனால் அந்த மனிதர் சொன்னதை ஏற்கெனவே ஒருதரம் ஒரு வரியாகச் சுருக்கியிருந்தேன். அதன் பலன் கூடைக்குள் கிடந்தது.

சீனித்தம்பி சொன்னது முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இதையும் சொன்னேன்: அந்த அறிக்கையை நான் கூட்டத்துக்கு முதல் நாள் எழுதினேன். அவர் பேசியபோது நான் வெளியே றோல்ஸ் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அம்மையாருக்கு விளங்கவில்லை. "முதல் நாளா? நடக்காத கூட்டத்தை எப்படி எழுதினாய்?"

"பழக்கம், மேடம்."

அதையே திரும்பச் சீனித்தம்பிக்குத் தமிழில் சொன்னேன். அவர் இப்போதுதான் முதல் தரமாக என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப நக்கலில்லையா?"

"இல்ல தலைவர். நான் கேக்கவேயில்ல. என்ன மன்னிச்சிருங்க."

"நக்கலெண்டா ஆகக் குறைஞ்சது கேட்டிருப்பீங்க" என்றார். என் பணிக்காலம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த கண்டனங்களில் அதுதான் ஆகக் கடுமையானது. எழுத்தில் வந்த எதுவும் அவ்வளவு சுடவில்லை.

சேற்றுக்குள்ளிருந்து பணிப்பாளரின் குரல் வந்தது. "கையெழுத்து என்ர. நானும் முதல் நாள்தான் வச்சன்." அதை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. ஆனாலும் செய்தேன். ஒரு சப்பாத்தோடு நிற்கும் மனிதர் அதைச் சொன்னதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

வள்ளம் சேற்றை விட்டுக் கிளம்பிக் கரை சேர ஒன்றரை மணித்தியாலம் ஆனது. பெரியதுறையில் மூன்று தலைவர்கள் வாடிய மாலைகளோடு நின்றார்கள். அம்மையார் கையெழுத்து மேசைக்குப் போகவில்லை. முதலில் நண்டுமுனைத் தலைவர் பேசட்டும் என்றார். சீனித்தம்பி எழும்பி, முன்பு பேசியதை அப்படியே பேசினார். நான் ஒரு சொல் விடாமல் எழுதினேன். கடைசியில், தங்கள் சபை விலகியது விலகியதுதான் என்றும், மற்ற மூன்று ஊரும் நன்றாக இருக்க வேண்டும் என்றும் சொல்லி உட்கார்ந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பெரியதுறைக்காரர்தான் கூடுதலாகத் தட்டினார்கள். ஐஸ் அறையில் இடம் மிஞ்சுமல்லவா.

நாலு ஊர்ச் சட்டத்தை அம்மையார் தலைமைக் காரியாலயத்தோடு சண்டை பிடித்து மூன்றாக்கினார். அதில் ஒரு சிக்கல் வந்தது. சேர்வதற்கு அவர்களிடம் ஐந்து வகைப் படிவம் இருந்தது. விலகுவதற்கு ஒன்றும் இல்லை. யாரும் இதுவரை விலகியதில்லையாம். புதிதாக ஒரு படிவம் அடித்து அனுப்பினார்கள். அது வந்த செய்தி பரவியதும், எந்தத் திட்டத்திலும் சேராத இரண்டு சங்கங்கள் வந்து, எங்களுக்கும் ஒரு விலகல் படிவம் தாருங்கள் என்று கேட்டன. இருந்தால் உதவும் என்றார்கள்.

என்னை ஆறு மாதம் எழுதுபொருள் அறைக்கு மாற்றினார்கள். அங்கே கூட்டம் கிடையாது. பென்சில்கள் யாரையும் எதிர்த்துப் பேசுவதில்லை. அந்த ஆறு மாதமும் நான் நக்கல் பற்றிச் சீனித்தம்பி சொன்ன அந்த ஒரு வசனத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்ன லொறி நண்டுமுனைக்குத் தொடர்ந்து வந்தது. பிறகு சண்டை மூண்டது. ஊர்கள் இடம்பெயர்ந்தன, திரும்பி வந்தன. அந்தக் காலத்தைப் பற்றி இங்கே நான் பேசவில்லை. உங்கள் வீடுகளில் கேட்டிருப்பீர்கள். யுத்தம் முடிந்ததும் மீண்டும் திட்டங்கள் வந்தன. இந்தத் தரம் இன்னும் பெரிய வரைபடங்கள். கொழும்பிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். தமிழ்ப் பிள்ளை, நல்ல சுறுசுறுப்பு.

"மிஸ், லேசா ஓம் சொல்லக்கூடிய ஊர்கள்ட லிஸ்ட் ஒண்டு தாங்க. நேரம் இல்ல."

நான் எழுதிக் கொடுத்தேன். முதலாவதாக நண்டுமுனையை எழுதினேன்.

அவர் காலையில் போனவர், பின்னேரம் சட்டைக் கழுத்து நனைந்து திரும்பி வந்தார். நாலு மணித்தியாலக் கூட்டமாம்.

"என்ன மிஸ் இப்பிடிச் செய்திட்டீங்க? நாலு விஷயம் கொண்டுபோனன். மூண்டுக்கு மாட்டம் எண்டுட்டாங்க."

"நாலாவது?"

"கரையில கூரை போட்ட ஒரு கொட்டகை. தண்ணித் தொட்டியோட. நண்டு வைக்க. அதுக்கு மட்டும் ஓம் எண்டாங்க. எந்தப் பக்கம் வாசல் வைக்கிறதெண்டே ஒரு மணித்தியாலம்."

"அப்ப அந்த ஓமுக்கு மேல தைரியமா கொங்கிறீட் போடுங்க" என்றேன்.

போட்டார்கள். அந்த வருடம் மற்ற ஊர்கள் ஏதும் கேட்காமல் ஓம் சொன்ன கட்டடங்களை நீங்கள் வேலைக்குப் போகும் வழியில் பார்ப்பீர்கள். ஒன்றில் ஆடு கட்டியிருக்கிறது. ஒன்றின் பூட்டுக்குத் திறப்பு எங்கே என்று யாருக்கும் தெரியாது. நண்டுமுனைக் கொட்டகையில் விடிந்தால் நிற்க இடமில்லை.

நாளைக்கு உங்களையும் ஏதாவது ஒரு கூட்டத்துக்கு அனுப்புவார்கள். யாராவது எழும்பிக் குரலை உயர்த்தினால் பயப்படாதீர்கள்; வாசலில் ஓட்டோ வந்தாலும் போகாதீர்கள். றோல்ஸ் குறைந்தால் குறையட்டும். நீங்கள் ஒருவர் மட்டும் சாப்பிடாமல் இருந்தால் ஒன்று மிஞ்சும்.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். கொட்டகைக்குள் பூமணி அக்கா தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரை. என்னைக் கண்டதும் எழும்பி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த பெண்களுக்கெல்லாம், "இந்தக் கொட்டகை வரக் காரணமே இந்த மிஸ்தான்" என்று சொன்னார். எனக்குக் கண் கலங்கியது. இரண்டு கிலோ நண்டு நிறுக்கச் சொன்னேன். அந்த உறவைச் சாட்டாக வைத்து, விலையைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டேன்.

பூமணி அக்கா அன்போடு என் தோளைத் தட்டினார்.

"ஏலாது மிஸ்."